கஸ்டமர் சாரின் இருமல்

போன் போடுவதற்கு முன்னால் அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். கழற்றி மேசையில் வைக்க மாட்டார். சட்டைப் பையில் போட்டு, பையை மேலிருந்து ஒருமுறை தட்டிக்கொள்வார். பிறகு நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்புவார். அடுத்தது பொத்தான். ஓய்வுபெற்ற அதிகாரி என்றால் கழுத்துப் பொத்தான் வரை மாட்டுவார். கடைக்காரர் என்றால் மேல் பொத்தான்களைத் திறந்துவிடுவார். புதுக்குடித்தனம் வந்த பெண் என்றால் பொத்தானைத் தொடுவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கால்விரல்களை உள்ளே மடக்கி உட்கார்ந்துகொள்வார். எதிர்முனையில் இருப்பவருக்கு இதில் எதுவும் தெரியப்போவதில்லை. பொத்தான் மாட்டாமல் பேசினால் அதிகாரிக் குரலுக்குள் கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார் என்று ஒருநாள் சொன்னார். என்னிடம் சொன்னதாகச் சொல்ல முடியாது. நான் பக்கத்தில் நின்றிருந்தேன், அவ்வளவுதான்.

துணி துவைக்கும் மெஷினும் ஃப்ரிட்ஜும் விற்கிற கம்பெனி அது. விற்ற பிறகு வரும் வில்லங்கங்களைப் போனில் கேட்டுக்கொள்வதற்கென்று ஒரு மாடியைத் தனியாக வைத்திருந்தார்கள். அந்த மாடிக்குப் புதிதாக எடுக்கும் ஆட்களைத் தயார்செய்து அனுப்புவது அவர் வேலை. தயார்செய்வது என்றால் பாடம் நடத்துவதில்லை. பயிற்சி அறையில் எங்களை உட்காரவைத்துவிட்டு, தடுப்புக்குப் பின்னால் அலமாரி அளவே இருந்த ஒரு சின்ன அறைக்குள் போய், கோபக்கார வாடிக்கையாளராக எங்களுக்குப் போன் போடுவார். நாங்கள் எடுத்துப் பேச வேண்டும். மாடி முழுக்க அவருக்குக் கஸ்டமர் சார் என்றுதான் பெயர்.

முதல் நாள் அடையாள அட்டையும் ஹெட்போனும் கொடுத்தார்கள். ஹெட்போனின் காதுப் பஞ்சை மட்டும் அவரவர் வைத்துக்கொள்ள வேண்டும், இன்னொருவருடையதைத் தொடக் கூடாது என்றார் கஸ்டமர் சார். "பல்குச்சி மாதிரி" என்றார். அதற்குப் பிறகு சொன்னதுதான் பாடம் என்று எடுத்துக்கொண்டால் பாடம்.

"'இதோ பாக்கறேன் சார்'னு சொல்லிட்டு கம்முனு இருக்காதீங்க. போன்ல சத்தம் இல்லைன்னா நீங்க எந்திரிச்சுப் போயிட்டீங்கன்னுதான் அந்தாளு நினைப்பான். ஒண்ணுமில்லைன்னா கீபோர்டையாவது தட்டுங்க. உள்ள வேலை நடக்குதுன்னு நம்பிக்கை வரும்."

"என்னத்த சார் தட்டுறது?" என்றான் ரேடியோ. எங்களோடு சேர்ந்தவன். வாய் மூடாததால் முதல் நாள் மத்தியானத்துக்குள்ளேயே அந்தப் பெயர் வந்துவிட்டது.

"உன் பேரைத் தட்டு. எழுத்துக்கூட்டித் தட்டு. அதுக்கே நேரம் சரியா இருக்கும் உனக்கு."

எங்களில் மூத்தவர் அண்ணி. கஸ்டமர் சாருக்கும் அவருக்கும் ஏறத்தாழ ஒரே வயது இருக்கும். ஊரில் இருக்கும் தன் அண்ணியின் சாயல் என்று ரேடியோ கூப்பிட ஆரம்பித்து, எல்லோருக்கும் அண்ணியானார். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டவர். கணவர் வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். அவர் இன்னும் வேறு இடம் தேடிக்கொண்டிருந்தார். அண்ணி வேலை கேட்டு ஏறி இறங்கிய இடங்களில் எல்லாம் இத்தனை வருஷம் என்ன செய்தீர்கள் என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். எடுத்துக்கொண்டது இந்தக் கம்பெனி ஒன்றுதான். இதுவும் போனால் தங்கை வீட்டு மாடியறைக்குக் குடும்பத்தோடு போக வேண்டியதுதான் என்று சொல்லிக்கொண்டே, வெயிலைப் பற்றிச் சொல்வதைப் போல, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.

ஆரம்பத்தில் அண்ணி எல்லாவற்றுக்கும் மன்னிப்புக் கேட்டார். கடைக்காரராகப் பேசி முடித்த கஸ்டமர் சார் தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"மெஷினை நீங்களா செஞ்சீங்க?"

"இல்ல சார்."

"தண்ணிக் குழாயை நீங்களா மாட்டுனீங்க?"

"இல்ல சார்."

"அப்புறம் எதுக்கு வரிக்கு வரி மன்னிப்பு? வீட்ல மாமியார்கிட்ட கேக்குறதை எல்லாம் இங்க தூக்கிட்டு வராதீங்க."

"எங்க மாமியார்கிட்ட நான் மன்னிப்பே கேட்டதில்ல சார். அதான் இங்க மொத்தமா வருது போல."

கஸ்டமர் சார் தன் சிரிப்பு எதுவென்று தேடுகிறவர்போல ஒரு கணம் நின்றார். பிறகு சிரித்தார்.

அவர் குரல்களைக் கற்றுக்கொண்டது எங்கே என்பது மாடியில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவருடைய அப்பாவுக்கும் அண்ணனுக்கும் ஏதோ ஒரு விஷயத்தில் பேச்சுவார்த்தை நின்றுபோய்விட்டது. ஒரே வீடு, பக்கத்துப் பக்கத்து அறை. நடுவில் தூது போனவர் இவர். அப்பா சொன்னதை அண்ணனிடம் வெறுமனே சொன்னால், "அவரா அப்படிச் சொன்னார்? நீயாச் சேத்துச் சொல்றே" என்று அண்ணன் மண்டையில் குட்டுவார். அதனால் அப்பாவின் குரலிலேயே சொல்லத் தொடங்கினார்; பதிலை அண்ணன் குரலில் கொண்டுவந்தார். கடைசியில் அவர்கள் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். இவருக்குத்தான் வேலை போய்விட்டது.

இந்தக் கம்பெனியில் அவர் முதலில் சேர்ந்தது மாடியில் போன் எடுக்கிறவராகத்தான். அது சரிவரவில்லை. உண்மையான ஆள் ஒருவர் எதிர்முனையில் கத்தும்போது சொந்தக் குரலில் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு அந்த நேரத்தில் வாய் ஒட்டிக்கொள்ளும். "ஹலோ, இருக்கீங்களா, ஹலோ" என்று கேட்டுக்கேட்டு வைத்துவிடுவார்கள். அனுப்பிவிடலாம் என்று முடிவெடுத்திருந்த சமயத்தில், பயிற்சி கொடுக்கிறவர் காய்ச்சலில் விழ, ஒரு நாளைக்கு மட்டும் நீ வாடிக்கையாளராகப் பேசிப் பார் என்று உட்காரவைத்தார்கள். அன்றைக்கு ஒரு பெண் பயிற்சி அறையிலேயே அழுதுவிட்டாள். கம்பெனிக்குத் திருப்தி. அந்தச் சின்ன அறை அவருடையதானது. வீட்டில் இப்போதும் போன் அடித்தால் மகள்தான் எடுக்க வேண்டும்.

ஒருநாள் அவர் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு அவருடைய மனைவி வந்தார். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், அவசரத்தில் இருந்தார். ஆனாலும் அண்ணி விடவில்லை.

"வீட்லயும் இப்படித்தான் பேசுவாராங்க?"

"கதவைத் தட்டினா யாருன்னு கேப்பேன். எந்தக் குரல்ல பதில் வருதுன்னு பாத்துட்டுத்தான் சாப்பாடு எடுத்து வைக்கிறது. அதிகாரி வந்தா அன்னைக்கு வாயே குடுக்க மாட்டேன். அந்தக் கிழவர் வந்தா பரவாயில்ல, குடுத்ததைச் சாப்பிட்டுட்டுத் தூங்கிடுவார்."

"அவரு எப்ப வருவாரு?"

"எவரு?"

"சாரு."

"வருவாரு, வருவாரு. கரண்ட் போனா வருவாரு" என்றார் அந்த அம்மாள். சிரிக்காமல் படியிறங்கிப் போனார்.

கிழவர்தான் கஸ்டமர் சாரின் சிறந்த வேடம் என்பது பொதுவான அபிப்பிராயம். புதிதாக மெஷின் வாங்கிய ஒரு பெரியவர். மெஷின் ஓடும்போது நடக்கிறது என்பது அவர் புகார். வரும்போது பின்பக்கம் முடுக்கியிருக்கும் போல்ட்டுகளைக் கழற்றாமல் ஓட்டினால் மெஷின் உண்மையிலேயே நகரும். அதைக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் பெரியவர் கேட்கவிட மாட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் நடுவே ஓர் இருமல். ஈரமான, ஆழத்திலிருந்து வாளியில் மொண்டு எடுப்பதைப் போன்ற இருமல். கூடவே மருமகனைப் பற்றி ஒரு குறை. ரேடியோ அதைக் கேட்டுக் கேட்டு, டீ இடைவேளையில் அப்படியே செய்துகாட்டுவான். இருமல் மட்டும் அவனுக்குச் சரியாக வராது.

பயிற்சி முடிந்து மாடிக்குப் போன பிறகும் கஸ்டமர் சார் விடுவதில்லை. முதல் சில வாரங்களுக்கு, வருகிற உண்மையான அழைப்புகளுக்கு நடுவே, சொல்லாமல் கொள்ளாமல் தன் அழைப்பு ஒன்றை நுழைத்துவிடுவார். தெரியாமல் ஒழுங்காகப் பேசி முடித்தால் நல்லது. கண்டுபிடித்துவிட்டால் அதைவிட நல்லது. "சார், நீங்கதானே?" என்று சொல்லிவிட்டால் சேர்ந்து வந்தவர்கள் எல்லோருக்கும் அவர் செலவில் டீ. பல வருஷமாக நடந்துவருகிற வழக்கம். மேலாளருக்கும் தெரியும், அந்தம்மாவும் ஓரிருமுறை அந்த டீயைக் குடித்திருக்கிறார். ரேடியோ இரண்டாம் நாளே ஒன்றைப் பிடித்தான். அண்ணிக்கு ஒன்றும் சிக்கவில்லை. "என்ன அண்ணி, நாங்களே வாங்கித் தர்றோம், நீங்க சும்மா குடிச்சுட்டே இருக்கீங்களே" என்று ரேடியோ சீண்டிக்கொண்டிருந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் அண்ணிக்கு அடுத்த மேசையில் இருந்தேன். அழைப்பு எதுவும் இல்லாத சிறு இடைவெளி. அண்ணியின் மேசையில் விளக்கு மினுக்கியது. வணக்கம் சொன்னார், பெயர் சொன்னார், என்ன உதவி வேண்டும் என்று கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தவரின் முகம் மெல்ல மலர்ந்தது. என் பக்கம் திரும்பி, ஒரு விரலால் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். இருமல்.

"மெஷின் நடக்குதுங்களா சார்?" என்றார். குரலில் அடக்கிவைத்த சிரிப்பு. "எதுவரைக்கும் போச்சு? பஸ் ஸ்டாண்டைத் தாண்டிடுச்சா?"

எதிர்முனையில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

"இருமல் நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா போன வாரத்தைவிட இன்னைக்குக் கொஞ்சம் ஓவர். கொஞ்சம் குறைச்சுக்கோங்க, தொண்டை புண்ணாயிடும்... என் பேரா? பேர் தெரியாத மாதிரி நடிப்பு வேறயா... மேலதிகாரிகிட்ட குடுக்கணுமா? அதான் நீங்களே பேசறீங்களே சார். டீ எப்போ, அதை முதல்ல சொல்லுங்க."

ரேடியோ எழுந்து நின்று சத்தமில்லாமல் கைதட்டினான். அண்ணி வெற்றியோடு தலையை நிமிர்த்தினார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், நடைவழியில், ஒரு கையில் டம்ளரோடும் மறு கையில் மடித்த செய்தித்தாளோடும் கஸ்டமர் சார் போய்க்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார்.

அண்ணியின் வாய் அப்படியே நின்றது. பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, ஒன்றும் பேச முடியாதபோது செய்ய வேண்டியதை அவர் விரல்கள் தாமாகச் செய்தன. கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

பெரியவர் புகார் கொடுத்தார். அண்ணியின் பெயரைச் சொல்லியே கொடுத்தார். பெயர் சொல்லிப் புகார் வந்து, வெள்ளிக்கிழமை மாலை மேலாளர் எல்லாவற்றையும் பார்க்கும்போதும் அது நிலுவையில் இருந்தால், தகுதிகாண் காலத்தில் இருக்கிறவரை அன்றோடு அனுப்பிவிடுவார்கள். எழுதிவைத்த விதி. மேலாளர் கெட்டவர் இல்லை; விதியைச் சொல்லும்போது அண்ணியை உட்காரச் சொல்லித்தான் சொன்னார்.

கஸ்டமர் சார் மேலாளரிடம் போய் நின்றார். "நான் அவருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேக்கறேன் மேடம். தப்பு என் பக்கம்தான். இந்த டீ விளையாட்டு என்னோடது."

"ஒருத்தரும் போட வேண்டாம். ஏற்கெனவே எரியுது. நீங்க போய் ஊதிவிடாதீங்க. மெக்கானிக் போயிட்டு வரட்டும், அதோட விட்ருங்க."

மெக்கானிக் போனார், போல்ட்டுகளைக் கழற்றினார், மெஷின் நின்ற இடத்தில் நின்றது. புகாரும் நின்ற இடத்திலேயே நின்றது. அண்ணி தினமும் நேரத்துக்கு வந்தார். போனில் கூப்பிடுகிறவர்கள் எல்லோரிடமும், சிறுவர்களிடம்கூட, "சொல்லுங்க ஐயா, சொல்லுங்கம்மா" என்று பேசினார். வியாழக்கிழமை சாப்பிடும்போது, தங்கைக்குச் சொல்லி அனுப்பியாயிற்று என்றார். எல்லோரும் தலைகுனிந்து சாப்பிட்டார்கள். ரேடியோகூட.

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மேசையில் விளக்கு மினுக்கியது. எடுத்தேன். இருமல்.

வேறொரு எண்ணிலிருந்து வந்த அழைப்பு. அந்த வீட்டு முகவரியைச் சொன்னார், மெஷினைச் சொன்னார், செவ்வாய்க்கிழமை ஒரு பெண் மேல் புகார் கொடுத்தேன், அதை வேண்டாம் என்று எழுதிக்கொள் என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். அதே வாளி, அதே கிணறு. தடுப்புக்குப் பின்னால் சின்ன அறையின் கதவு சாத்தியிருந்தது. இப்படிப்பட்ட அழைப்புக்குச் சொல்ல வேண்டியதென்று கம்பெனி எழுதிக்கொடுத்திருந்ததை வரிசையாக, ஒரு சொல் மாற்றாமல் வாசித்தேன். புகாரைத் திரும்பப் பெறுவதாகப் பதிவுசெய்தேன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

ரேடியோ என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். சாயங்காலத்துக்குள் மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. அண்ணி பயிற்சி அறைப் பக்கம் பார்த்துக் கைகூப்பினார். அங்கே யாரும் இல்லை.

மேலாளர் என்னையும் கஸ்டமர் சாரையும் அறைக்குக் கூப்பிட்டார். அழைப்பை எடுத்தவன் என்பதால் நான். என்னிடம், யார் குரல் மாதிரி இருந்தது என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அது உண்மை. அவர் என்னை விட்டுவிட்டு கஸ்டமர் சாரிடம் திரும்பினார்.

"நீங்களா?"

கஸ்டமர் சார் மேசைமேல் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலாளரின் கை அதன் மேல் இருந்தது.

"நான் இல்லைன்னா என்ன மேடம் செய்வீங்க?"

"வேற என்ன செய்ய? அந்தப் பெரியவருக்கே போன் போட்டு, நீங்கதான் வேணாம்னு சொன்னீங்களான்னு கேப்பேன். ஆமான்னா சந்தோஷம். இல்லைன்னா புகார் நிக்கும், அந்தப் பொண்ணு இன்னைக்கே போகணும். வேற யாராவது விளையாடியிருந்தா அவனும் போகணும்."

கஸ்டமர் சார் திரும்பிக் கண்ணாடி வழியே மாடியைப் பார்த்தார். ரேடியோ யாரிடமோ கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அண்ணி ஹெட்போனைக் கழற்றி, காதுப் பஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்னா?"

"நீங்கதான்னா, நான் மேல சொல்ல மாட்டேன். மூடினது மூடினதாவே இருக்கட்டும். ஆனா அந்த ரூம்ல இனிமே நீங்க இருக்க முடியாது. கஸ்டமர் மாதிரி பேசத் தெரிஞ்சவர் கஸ்டமர் பேர்லயே பேச ஆரம்பிச்சா, நாளைக்கு எந்தப் போனை நம்பறது? வெளியே உக்காந்து எல்லாரையும் மாதிரி போன் எடுங்க."

"போன் போட வேண்டாம் மேடம்" என்றார். "நான்தான்."

மேலாளர் போனிலிருந்து கையை எடுத்தார்.

அடுத்த திங்கட்கிழமை கஸ்டமர் சார் மாடியின் கடைசி மேசையில் உட்கார்ந்தார். அண்ணி அவரிடம் போய், "சார், என் புள்ளைக்குத் தெரிஞ்சா உங்க பேரைத்தான் தினம் சொல்லும்" என்றார். "நல்லபடியா வேலை பாருங்க" என்றார் அவர். அது என்ன குரல் என்று எங்களுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் மெலிதாக, அவசரமில்லாமல், சாதாரணமாக இருந்தது. போனில் ஆட்கள் கத்தும்போது அவர் மௌனமாகிவிடுவார். பிறகு அவர் மேசையிலிருந்து தட்டும் சத்தம் கேட்கும். பயிற்சி அறையில் பதிவுசெய்த குரல்களைப் போட்டார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோபப்படுகிற குரல்கள். சொல்லாமல் வரும் அழைப்பும் டீயும் நின்றுபோயின. மழைக்காலம் வருவதற்குள் அவர் வேலையை விட்டுவிட்டு, மைத்துனரின் பெயின்ட் கடைக்குப் போனார். அங்கே ஆட்கள் நேரில் வருவார்கள், கையில் நிறத்தைக் காட்டிக் கேட்பார்கள் என்பதால் பேச்சு குறைவு. ஒருமுறை அந்த வழியாகப் போனபோது பார்த்தேன். டப்பா மூடியை உளியால் நெம்பிக்கொண்டிருந்தார். கூப்பிடலாம் என்று நினைத்து, கூப்பிடவில்லை.

அண்ணி வேலையில் நிலைத்தார். தங்கை வீட்டு மாடியறைக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள் என்று சொன்னார்.

அதற்குப் பிறகு என்னை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். மெஷினுக்கான வாரண்டி முடிகிறவர்களைக் கூப்பிட்டு, நீட்டித்துக்கொள்கிறீர்களா என்று கேட்கிற வேலை. ஒருநாள் திரையில் அந்த முகவரி வந்தது. போன் போட்டேன். எடுத்ததும் இருமினார்.

நீட்டிப்பு வேண்டாம் என்றார். பிறகு அவராகவே, "அங்க ஒரு பொண்ணு இருந்துச்சே, இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்காங்க ஐயா."

"கோவத்துல புகார் குடுத்துட்டேன். அன்னைக்கு ராத்திரி சாப்பிடறப்போ வீட்ல சொன்னேன், மெஷின் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிடுச்சான்னு கேக்கறா அந்தப் பொண்ணுன்னு. என் வீட்டுக்காரி சிரிச்சா பாரு, பொரை ஏறிப்போச்சு. இந்த இருமலைக் குறைச்சுக்கோன்னு நாங்க சொன்னா கேக்கறீங்களா, யாரோ ஒரு பொண்ணு சொல்லிருச்சு பாருங்கன்னு மக வேற. நமக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. என் போன்ல சார்ஜ் இல்ல, மருமகன் போனை வாங்கிக் கூப்பிட்டு வேணாம்னு சொன்னேன். ஒரு பையன் எடுத்தான். புத்தகம் படிக்கிற மாதிரியே பேசினான்."

"நீங்களேதான் கூப்பிட்டீங்களா ஐயா?"

"பின்ன? எனக்காக வேற யாரு கூப்பிடுவா? அதுக்கப்புறம் உங்க பக்கத்துலேர்ந்து ஒரு போன்கூட வரல தம்பி. ஏன் வேணாம்னு சொன்னீங்கன்னு ஒருத்தரும் கேக்கல."